கூட்டாளியின் பங்கை நானே வாங்கிக்கொள்ள நினைக்கிறேன். எவ்வளவு கொடுப்பது நியாயம்?

நீங்கள் இருவர் மட்டும் சேர்ந்து நடத்தும் நிறுவனம் என்று வைத்துக்கொள்கிறேன். அவருடைய மூலதனக் கணக்கில், அதாவது ஏட்டில் அவர் பங்காக, நிற்பதைக் கொடுத்தால் போதும் என்று பலரும் சொல்லியிருப்பார்கள். அது நியாயமான தொகை அல்ல.

திருப்பூரில் நானும் என் நாத்தனார் கணவரும் நிட்டிங் யூனிட் நடத்தினோம். உடம்பு முடியாமல் அவர் விலகியபோது, "கணக்கில் இருப்பதைக் கொடு அம்மணி, போதும்" என்றார். நான் ஒப்பவில்லை. வருமான வரிக் கணக்கில் மெஷினுக்கு ஆண்டுதோறும் 15 சதவீதம் தேய்மானம் கழிக்கிறோம்; நாலைந்து வருடத்தில் ஏட்டில் பாதி விலைதான் மிஞ்சும். சந்தை விலை வேறு. பழைய மெஷின் வாங்கி விற்கும் ஒருவரை வரவழைத்தேன். ஒவ்வொன்றையும் கையால் மெதுவாகச் சுற்றிச் சத்தம் கேட்டார். இறங்கிய துணியை வெளிச்சத்தில் பிடித்து பழுதான ஊசியால் வரும் ஊசிக் கோடு விழுகிறதா என்று பார்த்தார். அவர் சொன்ன விலையைத்தான் எடுத்துக்கொண்டோம். வசூலாகாது என்று தெரிந்த ஜாப் ஒர்க் கூலிப் பாக்கிகளைக் கழித்தோம். தொழிலின் நற்பெயருக்கும் ஒரு தொகை சேர்த்தேன். பார்ட்டிகளைப் பிடித்துத் தந்தவரே விலகிய அந்த அண்ணன்தான்.

"சொந்தம் என்று அள்ளிக் கொடுத்துவிட்டீர்கள்" என்பவர்கள் 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 37ஆவது பிரிவைப் படிக்கட்டும். கணக்குத் தீர்க்காமல் தொழிலைத் தொடர்ந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, விலகியவர் லாபத்தில் பங்கோ 6 சதவீத வட்டியோ கேட்கலாம். எது என்பது அவர் விருப்பம்.

இருவரில் ஒருவர் போனால் கூட்டு நிறுவனம் முடிந்துவிடும். உங்கள் பெயரில் புதிய ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டும். பதிவான நிறுவனம் என்றால் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் உள்ளூர்த் தமிழ் நாளிதழிலும் அறிவிப்புக் கொடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் நீங்கள் வாங்கும் கடனுக்கும் விலகிய கூட்டாளியைப் பிடிப்பார்கள்.

வங்கிக் கடனுக்கு அவர் போட்ட ஜாமீனையும் விடுவித்துத் தர வேண்டும். அதற்குப் போனபோது மேலாளர் என்னிடம், "உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுவாரா?" என்றார். என் கணவர் பள்ளி ஆசிரியர். 30ஆம் நம்பர் நூலுக்கும் 40க்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியாது. அடமானச் சொத்து என் பெயரில், வரிக் கணக்கு என் பெயரில். மகளிர் தினத்தன்று மேடையேற்றி எனக்குப் பொன்னாடை போர்த்திய அதே வங்கி இது! எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று எழுத்தில் கேட்டேன். கடன் என் ஒருத்தி கையெழுத்தில்தான் மாறியது.