ஒரு தொந்தரவும் இல்லையே, எதற்குப் பரிசோதனை?

கேள்வி: எனக்கு 44 வயது. மன்னார்குடி பக்கம் கிராமம். நடவு, களையெடுப்பு வேலைக்குப் போகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரச்சொல்லி நர்ஸ் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். வெற்றிலை, புகையிலை போடும் என் வீட்டுக்காரரையும் வரச்சொல்கிறார். எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. 'சும்மா இருக்கிற உடம்பை ஏன் கிளறணும்' என்கிறார் மாமியார். போகத்தான் வேண்டுமா?

பதில்: இரண்டு பேரும் போய்விட்டு வாருங்கள். தொந்தரவு இல்லாதவர்களுக்குத்தான் இந்தப் பரிசோதனை; 30 வயதிலிருந்தே செய்துகொள்ளலாம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் திடீரென்று வருவதில்லை. ஹெச்.பி.வி. என்ற வைரஸ் தொற்று நீங்காமல் தங்கிவிட்டால், அங்குள்ள செல்கள் மெல்ல மாறும். அது புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் 10, 15 ஆண்டுகள்கூட ஆகும். அதுவரை வலியும் இருக்காது, ஒன்றும் இருக்காது.

பரிசோதனையில் பயப்பட எதுவும் இல்லை. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை (வினிகரில் இருப்பதுதான்) பஞ்சால் தொட்டு வைத்து, ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். கொஞ்சம் எரியலாம். மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை தெரிந்தாலே புற்றுநோய் என்று அழ ஆரம்பிக்க வேண்டாம். அழற்சி இருந்தாலும் அப்படித் தெரியலாம். ஆரம்பநிலை மாற்றம்தான் என்றால், பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் சூடுவைத்தோ உறையவைத்தோ அழித்துவிடலாம். கர்ப்பப்பையை எடுக்கத் தேவையிருக்காது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இதே முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே இந்த நோயால் நேரும் இறப்பு 35 சதவீதம் குறைவாக இருந்தது. மாமியாருக்கு இதைச் சொல்லுங்கள்.

அப்படியே மார்பகத்தையும் கையால் தொட்டுப் பார்ப்பார்கள். அம்மா, அக்கா, தங்கை யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எப்போது எடுப்பது என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

எனக்கு உங்கள் வீட்டுக்காரரைப் பற்றித்தான் கூடுதல் கவலை. கும்பகோணம் வெற்றிலையை நான் குறை சொல்ல மாட்டேன். கூடப் போகும் பாக்கும் புகையிலையும்தான் ஆபத்து. புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு போட்டாலும் வாய்ப் புற்றுநோய் வரலாம். இன்றைக்கே அவரை வெளிச்சத்தில் உட்காரவைத்து, புகையிலையை அடக்கும் கன்னத்தின் உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாக ஆறாத புண் இருக்கிறதா? மூன்று விரலைச் சேர்த்து நிறுத்தினால் வாய்க்குள் போகவில்லையா? ரசத்தின் காரம்கூட எரிகிறது என்கிறாரா? இதில் ஒன்று இருந்தாலும் பல் டாக்டரிடமோ அரசு மருத்துவமனைக்கோ உடனே கூட்டிப்போங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் நர்ஸ் சொன்னபடி காட்டிவிட வேண்டியதுதான்.

அப்புறம், 'ஒரே ரத்தப் பரிசோதனையில் எல்லாப் புற்றுநோயும் தெரியும்' என்று யாராவது பேக்கேஜ் விற்க வந்தால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துவிட்டுப் போங்கள். எல்லாம் சரி என்று சொன்னால் ஐந்து வருடம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். இடையில் உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, மாதவிலக்கு நின்றபிறகு ரத்தம் வந்தாலோ, அந்தக் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்.