குழு புகழ் பெறுவதற்கு முன்பே கேமரா எப்படி அங்கே இருந்தது?

புதுச்சேரியில் நண்பர்களோடு ராக் இசைக்குழு நடத்தும் நீங்கள் கேட்பது இதுதான்: ஆவணப்படங்களில் வரும் ஆரம்பகாலக் காட்சிகள் எப்படிக் கிடைக்கின்றன, நாமும் அப்படி எடுக்கலாமா?

பெரும்பாலும் அது பின்னால் தேடிக் கிடைத்த பழைய பதிவுதான். நண்பர் எடுத்த வீடியோ, பழைய புகைப்படம், ஒத்திகை கேசட்; இடையிடையே இன்றைய பேட்டிகள். முன்கூட்டியே கேமராவோடு காத்திருப்பது சூதாட்டம். 'டிக்!' (2004) ஆவணப்படத்துக்காக இயக்குநர் ஒண்டி டிமோனர் இரண்டு ராக் குழுக்களை ஏழு ஆண்டுகள் பின்தொடர்ந்தார். ஒன்று மேலே போனது, மற்றொன்று உள்சண்டையில் தடுமாறியது, அதுவே கதையாகிவிட்டது.

பிரிட்டிஷ் ராக் குழு பீட்டில்ஸ் விஷயம் வேறு. அவர்கள் ஏற்கெனவே உச்சத்தில் இருந்த 1969 ஜனவரியில் எடுத்த சுமார் 60 மணி நேரப் படச்சுருளிலிருந்து, இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 2021இல் 'கெட் பேக்' என்ற கிட்டத்தட்ட 8 மணி நேர ஆவணத் தொடர் செய்தார். கிதார் சத்தத்தில் புதைந்துபோன பேச்சைக் கணினியால் பிரித்தெடுத்தார்கள். பொறுமை வேண்டும்தான், ஆனால் சும்மா தட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு பாட்டு பிறப்பதை வேறெங்கே பார்ப்பது?

சரி, உங்களுக்கு. உங்கள் ஊரில் ஜூன் 21 அன்று நடக்கும் இசை விழாவில் மேடையை எல்லோரும் போனில் எடுப்பார்கள். நீங்கள் ஒத்திகையை, ஆம்ப் (கிதார் ஒலிபெருக்கி) தூக்குவதை, பணத் தகராறை எடுங்கள். ஒலியைத் தனி ரெக்கார்டரில் பதியுங்கள். மூலக் கோப்புகளைத் தேதியிட்டு வையுங்கள். பிறர் பாட்டை வாசித்தால், அதைப் படத்தில் சேர்க்க உரிமை வாங்க வேண்டும். அப்புறம், எடிட்டிங்கை வெளியாளிடம் கொடுங்கள். குழுவே வெட்டினால் சண்டைக் காட்சிகள்தான் முதலில் காணாமல் போகும்.