எலுமிச்சை மஞ்சளாகிறது, புதினா கருகுகிறது

கேள்வி: கிருஷ்ணகிரி டவுனில் தம்பி ஜூஸ் கடை வைத்திருக்கிறான். மொஹீட்டோ மாதிரியான பானங்களுக்காக மொட்டை மாடியில் ஒரே நீளத் தொட்டியில் எலுமிச்சையும் புதினாவும் வைத்தேன். போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். எலுமிச்சையின் கொழுந்து இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. புதினா வெயிலில் கருகிவிட்டது. ஸ்ட்ராபெர்ரியும் வைக்கலாமா?

பதில்: கொழுந்து மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, உங்கள் ஊர் செம்மண்ணின் நிறமே இரும்பால் வந்ததுதான். போர் தண்ணீரில் உள்ள உப்பு, தொட்டி மண்ணைக் களராக்கி, அதாவது காரத்தன்மையை ஏற்றிவிடுவதால் வேரால் அதை எடுக்க முடியவில்லை. தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, சாயங்காலம் எலுமிச்சை இலையில் மட்டும் தெளியுங்கள். 15 நாள் கழித்து மறுபடி ஒருமுறை. பழைய இலை முழுக்கத் தேறாது, புதுத் துளிரைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, மாதம் ஒருமுறை அடித்துளை வழியாக ஓடும்வரை ஊற்றினால் உப்பு வடியும். ஆர்.ஓ. மெஷினில் வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறவர்கள் நிறைய. வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான், ஆனால் போர் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். பாத்ரூம் கழுவ வையுங்கள்.

புதினாவை முதலில் பிரித்துவிடுங்கள். அதன் ஓடுதண்டு தொட்டி முழுக்கப் பரவி எலுமிச்சை வேரோடு மல்லுக்கு நிற்கும். அகலமான, ஆழம் குறைந்த தொட்டிகளில் வைத்து, மார்ச் முதல் மே வரை 50 சதவீத நிழல்வலைக்குள் தள்ளுங்கள். காங்கிரீட் சூடு வேரைத் தாக்காமல் இருக்கத் தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வைப்பது அவசியம். கடைக்கென்றால் ஒரு தொட்டி போதாது. நாலைந்து வைத்து முறை போட்டு வெட்டுங்கள்.

எலுமிச்சைக்குத் தனியாக 18 அங்குலத் தொட்டி, நல்ல வெயில். விதைக்கன்று காய்க்க வருடக்கணக்கில் ஆகும். அடுத்த முறை பதியன் கன்றாகக் கேட்டு வாங்குங்கள். இலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது பட்டாம்பூச்சிப் புழுவாக இருக்கலாம், கையால் எடுத்துப் போட்டால் போதும். புதினா பச்சையாகவே கிளாஸில் விழுவது. அதன் பக்கம் பூச்சிமருந்தே வேண்டாம். அசுவினிப் பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள்.

ஸ்ட்ராபெர்ரியை ஓசூர்க்காரர் கேட்டிருந்தால் அக்டோபரில் நடச் சொல்லியிருப்பேன். உங்கள் டவுன் வெயிலுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த இடத்தில் திருநீற்றுப்பச்சிலை வையுங்கள். பூங்கொத்தைக் கிள்ளக் கிள்ள இலை தழைக்கும், ஒன்றிரண்டு செடியைப் பூக்கவிட்டால் சப்ஜா விதையும் கிடைக்கும். பழத்துக்கு மாம்பழ சீசனில் சந்தைக்குப் போனாலே போதும், கிருஷ்ணகிரியில் மாமரத்தைத் தொட்டியில் வளர்க்க வேண்டிய அவசியம் என்ன?