இசை கேள்வி–பதில்: ‘தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்’

கேள்வி: பிரிட்டனின் அனிமல்ஸ் ராக் குழு பாடிய இந்தப் பாட்டை எழுதியவர் யார்? இசைத்தட்டில் ஆலன் பிரைஸ் பெயர் மட்டும்தானே இருக்கிறது?

எழுதியவர் யாரென்று தெரியாத அமெரிக்க நாட்டுப்பாடல் இது; பெயருக்கு ‘உதயசூரியன் வீடு’ என்று பொருள். கிளாரன்ஸ் ஆஷ்லியும் க்வென் ஃபாஸ்டரும் 1933இல் இதை இசைத்தட்டில் பதிவு செய்தார்கள். நாட்டுப்பாடல்களைத் தேடி ஊர் ஊராகப் போன ஆலன் லோமாக்ஸ், 1937இல் கென்டக்கி மாநிலத்து மிடில்ஸ்பரோவில் ஜார்ஜியா டர்னர் என்ற பதினாறு வயதுப் பெண் பாடியதைப் பதிவு செய்தார். அதில் கெட்டுப்போன வாழ்க்கையைச் சொல்லி அழுபவள் ஒரு பெண். அனிமல்ஸ் அதை ஆண் குரலுக்கு மாற்றி, பாடுபவனின் அப்பாவைச் சூதாடியாக்கிவிட்டது.

ஆலன் பிரைஸ் அந்தக் குழுவின் ஆர்கன் கலைஞர். தட்டின் லேபிளில் ஐந்து பேர் பெயருக்கும் இடம் போதவில்லை என்று, இசை அமைப்புக்கு அவர் பெயரை மட்டும் போட்டார்கள். ராயல்டியும் அவருக்கே போயிற்று. வரிசையாகப் பிரித்து மீட்டும் அந்தக் கிடார் வாசிப்பு ஹில்டன் வாலண்டைனுடையது. உலகமே அடையாளம் கண்டுகொள்கிற அந்தத் தொடக்கத்துக்கு அவருக்குப் பங்கு கிடைக்காமல் போனது பெரிய அநியாயம்.

கேள்வி: ஏ மைனர் ஸ்கேலில் டி மைனர்தானே வர வேண்டும்? புத்தகங்களில் டி மேஜர் என்று இருப்பது அச்சுப் பிழையா?

பிழையே இல்லை. தயவுசெய்து திருத்திவிடாதீர்கள், பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தொடக்க இசையின் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு) வரிசை: ஏ மைனர், சி, டி, எஃப், ஏ மைனர், இ, ஏ மைனர், இ. இதை வாசிக்கும்போது முதல் தந்தியை, அதாவது மெல்லிய தந்தியை, மட்டும் கவனியுங்கள். ஏ மைனரிலும் சி-யிலும் அது திறந்த தந்தி, அதாவது விரல் அழுத்தாத தந்தி. டி மேஜரில் இரண்டாவது ஃப்ரெட் (கிடார் கழுத்தின் குறுக்குக் கம்பி), அடுத்து வரும் எஃப்-இல் முதல் ஃப்ரெட், திரும்பவும் ஏ மைனர் வந்ததும் திறந்த தந்தி. ஆக எஃப் ஷார்ப், எஃப், இ என்று அரை அரைப் படியாக ஒரு இறக்கம் நடக்கிறது. மனதைப் பிசைவது அந்த இறக்கம்தான். டி மைனர் பிடித்தால் முதல் தந்தி அப்போதே முதல் ஃப்ரெட்டுக்கு வந்துவிடும். அடுத்த எஃப்-இலும் அங்கேயே நிற்கும். இறங்குவதற்கு ஒன்றுமே மிஞ்சாது.

ஒரு சரணத்துக்கான வரிசை இது. முதல் வரிக்கு ஏ மைனர், சி, டி, எஃப். இரண்டாவது வரிக்கு ஏ மைனர், சி, பிறகு இ இரண்டு முறை. மூன்றாவது வரி முதல் வரியைப் போலவே. நான்காவது வரி ஏ மைனர், இ என்று போய், கடைசிச் சொல்லில் ஏ மைனரில் விழும். விழுந்த அந்த ஏ மைனரையே முதல் கார்டாக வைத்துத் தொடக்க இசையை ஒரு சுற்று வாசித்தால் அடுத்த சரணம் வந்துவிடும்.

கேள்வி: கார்டுகள் தனித்தனியாக நன்றாக வருகின்றன. பிரித்து மீட்டும்போது ஒவ்வொரு மாற்றத்திலும் தடுக்குகிறது. என்ன செய்வது?

ஒரு கார்டுக்கு ஆறு மீட்டல். பயிற்சிக்கு எளிய வரிசை (எண்கள் தந்திகளைக் குறிக்கும்): அடித்தந்தி, 3, 2, 1, 2, 3. ஏ மைனருக்கும் சி-க்கும் அடித்தந்தி ஐந்தாவது, டி-க்கும் சின்ன எஃப்-புக்கும் (நான்கு தந்திகளில் மட்டும் பிடிக்கும் எஃப்) நான்காவது, இ-க்கு ஆறாவது. முதல் மீட்டலிலும் நான்காவது மீட்டலிலும் லேசான அழுத்தம் வேண்டும். அது இல்லாவிட்டால் பாட்டு ஆடாமல் தட்டையாகப் போகும்.

முழு கார்டையும் ஒரே நொடியில் பிடித்துவிடப் பார்ப்பதால்தான் தடுக்குகிறது. அப்படிப் பிடிக்கத் தேவையே இல்லை. ஏ மைனர், டி, இ மூன்றிலும் அடித்தந்தி திறந்த தந்தி. அதை மீட்டும் நேரத்தில் இடது கை காற்றில் இருந்தாலும் ஒலி கெடாது. அடுத்து மீட்டப்போகும் மூன்றாவது தந்தியில் விரல் உட்கார்ந்தால் போதும். ஏ மைனரிலிருந்து சி-க்குப் போக மோதிர விரல் ஒன்றே நகர்கிறது. மூன்றாவது தந்தியை விட்டு ஐந்தாவது தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டுக்கு அது போகட்டும், மற்ற இரண்டு விரல்களையும் தூக்காதீர்கள்.

உண்மையில் கஷ்டமான இடம் டி-யிலிருந்து எஃப் மட்டும்தான். அங்கே மோதிர விரலை நான்காவது தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் முதலில் வையுங்கள். பிறகு நடுவிரல் மூன்றாவது தந்தியில், இரண்டாவது ஃப்ரெட். கடைசியில் ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து முதல் இரண்டு தந்திகளையும் முதல் ஃப்ரெட்டில் அழுத்துங்கள். மீட்டும் வரிசையும் இதுதான் என்பதால் விரல்கள் ஒவ்வொன்றாக வந்து சேர நேரம் இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்தை மட்டும் மெட்ரோனோமில் (தாளம் தட்டும் கருவி) ஒரு மீட்டலுக்கு ஒரு தட்டு என்று நிமிடத்துக்கு 100 தட்டில் தொடங்குங்கள். 220–230 வந்தால் பதிவின் வேகத்தை நெருங்கிவிட்டீர்கள்.

கேள்வி: பாப் டிலன் இதை முன்பே பாடியிருக்கிறாரே? பிறகு ஏன் அனிமல்ஸ் பதிவைப் பெரிதாகப் பேசுகிறார்கள்?

டிலனின் பதிவு 1962இல் வெளிவந்த அவருடைய முதல் ஆல்பத்தில் இருக்கிறது. அந்த இசை அமைப்பு நாட்டுப்பாடகர் டேவ் வான் ராங்க்குடையது. ஆனால் அது தனிக்குரலும் சாதாரணக் கிடாரும்தான். மின்கிடார், வாக்ஸ் கான்டினென்டல் ஆர்கன், டிரம்ஸ், எரிக் பர்டனின் அடித்தொண்டைக் குரல் எல்லாம் சேர்ந்து ஒரு நாட்டுப்பாடலை ராக் ஆக்கியது அனிமல்ஸ். 1964 மே 18 அன்று லண்டனில் பதிவு செய்தார்கள். பிரிட்டனில் ஜூலையிலும் அமெரிக்காவில் செப்டம்பரிலும் முதலிடம். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்கூட அதிகம் என்று நினைத்த காலத்தில் இது நாலரை நிமிடம். ஃபோக் ராக்கின் (நாட்டுப்பாடலும் ராக்கும் சேர்ந்த இசை) முதல் வெற்றி என்று பலரும் இதைச் சொல்வது சரி என்றே நினைக்கிறோம். அதே 1964இல் பிரெஞ்சுப் பாடகர் ஜானி ஹாலிடே பிரெஞ்சில் பாடி, வீட்டைச் சிறைச்சாலை ஆக்கினார். மார்ட்டின் ஸ்கார்செஸி 1995இல் ‘கசினோ’ படத்தில் அனிமல்ஸ் பதிவையே பயன்படுத்தினார்.

கேள்வி: நியூ ஆர்லியன்ஸில் அப்படி ஒரு வீடு இருந்ததா?

அந்தப் பெயரில் ஒரு விடுதி இருந்து 1822இல் எரிந்துபோனது. பாட்டு அதைப் பற்றியதுதான் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

கேள்வி: ‘அமேசிங் கிரேஸ்’ என்ற கிறிஸ்தவப் பக்திப் பாடலை இந்த மெட்டில் பாடிக் கேட்டேன். எப்படி இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது?

பிளைண்ட் பாய்ஸ் ஆஃப் அலபாமா குழுவின் 2001 பதிவைக் கேட்டிருப்பீர்கள். ‘அமேசிங் கிரேஸ்’ வரிகளில் அசைகள் 8, 6, 8, 6 என்று போகும். இந்த மெட்டும் அதே அளவைத் தாங்கும். எட்டசை வரியில் அழுத்தம் விழும் இடங்கள் நான்கு, கார்டுகளும் நான்கு. ஆறசை வரியில் அழுத்தம் மூன்றுதான். எனவே இரண்டாவது வரி முடிந்ததும் இன்னொரு இ கார்டு பாடகர் மூச்சு வாங்கக் கிடைக்கிறது. பாடிப் பார்க்கும்போது ஒவ்வொரு வரியின் முதல் அசையையும் முந்தைய கார்டின் ஆறாவது மீட்டலில் தொடங்குங்கள். கார்டோடு சேர்ந்து தொடங்கினால் வரி முழுக்க ஒரு அசை பின்தங்கிவிடும்.