அம்மாவின் பழைய புடவைகளையும் குடும்பப் படங்களையும் வைத்து நினைவுக் குவில்ட் தைப்பது எப்படி?

குவில்ட் என்றால் துணித் துண்டுகளை இணைத்து அடுக்கித் தைக்கும் விரிப்பு. அதைப் பட்டில் ஆரம்பிக்காதீர்கள். பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கும் ஆரணிப் பட்டு வருஷத்துக்கு இரண்டு கல்யாணம் பார்த்திருக்கும், அவ்வளவுதான். அம்மாவோடு தினமும் இருந்தது நூல் புடவை. பட்டை வெட்டினால் சண்டையும் வரும். அக்கா தங்கை யாராவது 'அது எனக்கென்று அம்மா சொன்னது' என்பார்கள். மடிப்பிலேயே இற்றுக் கிழிந்த பட்டு என்றால் மட்டும் கரையையும் முந்தானையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலூர் சத்துவாச்சாரி வீட்டுச் சுவரில் மாட்டுவதற்காக எங்கள் ஆயாவின் புடவைகளும் தாத்தாவின் குடியாத்தம் கைலிகளும் சேர்த்து ஒன்று தைத்தேன். ஆயா சாவிக்கொத்தை இடுப்பில் சொருகும் வழக்கம் உள்ளவர். ஒரு புடவையில் அந்த இடம் மட்டும் நைந்து, ஓரத்தில் லேசாகத் துருக்கறை படிந்திருந்தது. தையல்காரர் 'அதை வெட்டிப் போட்டுடலாம்மா, நல்ல துணி நிறைய இருக்கே' என்றார். நான் அதைத்தான் நடுவில் வைத்தேன். வீட்டுக்கு வருகிற அத்தைகள் முதலில் விரல் வைப்பதும் அங்கேதான். கறை, ஒட்டுப்போட்ட இடம், மை கசிந்த சட்டைப் பை எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

நைந்த துணி தையலைத் தாங்காது. காலருக்கு வைக்கும் ஒட்டு கேன்வாஸில் மிக மெல்லியதை வாங்கிப் பின்னால் இஸ்திரி போட்டு ஒட்டிவிட்டு வெட்டுங்கள். அதற்கு முன் ஈர வெள்ளைத்துணியால் ஒவ்வொரு புடவையையும் துடைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதை ஒதுக்கிவிடலாம். உள்ளே இலவம் பஞ்சு வேண்டாம், ஒரு பக்கமாகத் திரண்டுவிடும். பழைய வேட்டியை இரண்டு மடிப்பாக வைத்தால் போதும். வங்காளத்தில் காந்தா தைப்பவர்கள் பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுகிறார்கள். நம் வீடுகளில் குழந்தைக்குத் தைத்த விரிப்பும் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

அடுத்தது படங்கள். அசல் ஸ்டூடியோ படத்தை எந்தக் காரணத்துக்கும் துணியில் தைக்கக் கூடாது. ஸ்கேன் செய்துவிட்டு ஆல்பத்திலேயே வையுங்கள். டி-ஷர்ட் அச்சடிக்கும் கடையில் கொடுத்தால், ஒட்டும் தாள் முறையில் மேலே பிளாஸ்டிக் மாதிரி ஒரு படலம் நின்று, போகப்போக வெடிக்கும். கப்பில் படம் போடும் சப்ளிமேஷன் முறை பாலியஸ்டரில்தான் பிடிக்கும், பருத்தியில் நிற்காது.

எனக்குப் பிடித்தது சயனோடைப், அதாவது வெயிலைக் கொண்டு நீல நிறத்தில் படம் அச்சிடுவது. 1842-ல் ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு இரண்டையும் தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து, சம அளவில் கலந்து, மங்கிய வெளிச்சத்தில் வெள்ளைப் பருத்தித் துணியில் தடவி இருட்டில் உலர்த்த வேண்டும். கையுறை போடுங்கள், சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள். படத்தை நெகட்டிவாக மாற்றி ஓஎச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) அச்செடுத்து, துணிமேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி மொட்டைமாடியில் வெயில் காட்டினால் ஆயிற்று. வேலூர் வெயிலைத் திட்டாத நாளில்லை, இந்த வேலைக்கு மட்டும் அது வரம். எவ்வளவு நேரம் என்பதைத் துண்டுத் துணியில் பார்த்து முடிவு செய்யுங்கள். மஞ்சள் போகும்வரை வெறும் தண்ணீரில் அலசினால் முகம் நீலத்தில் எழும்பி வரும். காயக் காய நீலம் இன்னும் கறுக்கும். சோப்புத் தூளும் பிளீச்சும் அந்த நீலத்தைத் தின்றுவிடும், ஆகவே இது துவைக்கிற போர்வை இல்லை.

பெயர்களைத் தைக்க மறக்காதீர்கள். எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக அமெரிக்காவில் தைத்து 1987-ல் வாஷிங்டனில் விரித்த குவில்ட்டில், மூன்றுக்கு ஆறு அடித் துணி ஒவ்வொன்றிலும் இறந்தவரின் பெயர் இருந்தது. நீங்களும் பின்பக்கம் ஒரு வெள்ளைத்துணியில் யார், எந்த ஊர், எந்த வருஷத்துப் படம், புடவை யாருடையது என்று நூலாலேயே எழுதுங்கள். இப்போதே பெரியம்மாவைக் கேட்டுவிடுவது நல்லது.

மாட்டுவதற்குப் பின்னால் மேல் ஓரத்தில் துணிக்குழல் தைத்துக் கம்பி நுழையுங்கள். ஆணி அடித்தால் கிழியும். ஜன்னல் வெயில் படாத சுவராகப் பாருங்கள். நெகட்டிவ் ஷீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள், தங்கை தனக்கும் ஒன்று கேட்கப் போகிறாள்.