காரா, விமானமா? குளிர்கால விடுமுறைப் பயணம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆண்டு இறுதி விடுமுறைக்கு 900 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உறவினர் வீட்டுக்குப் போகிறோம். நாங்கள் இருவர், 6 வயதிலும் 10 வயதிலும் பிள்ளைகள். விமான டிக்கெட் விலை ஏறிவிட்டதால் காரிலேயே போய்விடலாம் என்கிறார் கணவர். வழியில் பனிப்பொழிவு இருக்கலாம் என்பதால் எனக்குத் தயக்கம். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: முதலில் நேரம். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை எண்ணுங்கள். விமானம் பறப்பது ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் விமான நிலையம் போக ஒரு மணி, அங்கே 2 மணி நேரக் காத்திருப்பு, இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வர முக்கால் மணி, பிறகு உறவினர் வீட்டுக்கு ஒரு மணி. ஆக மொத்தம் ஆறேகால் மணி நேரம். காரில் சாப்பாடு, பெட்ரோல், கழிப்பறை எல்லாவற்றுக்கும் நிறுத்தினால், நல்ல நெடுஞ்சாலையில்கூட சராசரி மணிக்கு 75 கிலோமீட்டரைத் தாண்டுவது கடினம். அதுவே 12 மணி நேரம். பனி விழுந்தால் சராசரி 50க்கு இறங்கும், 18 மணி நேரமாகிவிடும். ஆகவே குளிர்காலத்தில் 900 கிலோமீட்டர் என்பது இடையில் ஒரு இரவு தங்கிப் போகும் இரண்டு நாள் பயணம். இதே கணக்கை 400 கிலோமீட்டருக்குப் போட்டால் காரும் விமானமும் ஏறத்தாழ சமமாக வரும். நேரத்தை மட்டும் பார்த்தால் 500 கிலோமீட்டர் வரை கார், அதற்கு மேல் நேரடி விமானம்.

அடுத்தது செலவு. விமானத்துக்குத் தலைக்கணக்கு, காருக்கு வண்டிக்கணக்கு. அதனால் இருவர் போகும்போது நெருங்கி நிற்கும் தொகைகள் நால்வர் ஆனதும் விலகிவிடும். ஆனால் கார்க் கணக்கில் எரிபொருளோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். போக வர 1,800 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் வண்டிக்கு 126 லிட்டர். கூரையில் பெட்டி கட்டினால் நெடுஞ்சாலை வேகத்தில் காற்றுத்தடை கூடி 10 முதல் 25 சதவீதம் வரை அதிகம் குடிக்கும். 15 சதவீதம் என்றே வைத்தாலும் 145 லிட்டர். இதோடு சுங்கக் கட்டணம், இரண்டு இரவு அறை வாடகை, வண்டித் தேய்மானம். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்றால் அதில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கை இந்த ஒரு பயணமே தின்றுவிடும். விமானப் பக்கத்திலும் மறைந்த செலவு உண்டு: பெட்டிக் கட்டணம், நிலையத்தில் கார் நிறுத்தும் வாடகை, போன இடத்தில் நால்வரும் சுற்ற வாடகை வண்டி.

இரண்டு கணக்கையும் போட்ட பிறகு இன்னொன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் என்ன கெட்டுவிடும்? ஒன்றும் கெடாது என்றால் கார் நல்ல தேர்வு. வானிலை மோசமானால் வழியில் தங்கிவிடலாம். குறிப்பிட்ட நாளில் போயே ஆகவேண்டும் என்றால் காரை விடுங்கள். அவசரத்தில் இருப்பவர் பனியிலும் நிறுத்தாமல் ஓட்டுவார், ஆபத்து அங்கேதான். உங்கள் வீட்டில் இருவரும் ஓட்டுவீர்கள், விடுமுறையில் கையிருப்பாக ஒரு நாள் இருக்கிறது என்றால் காரில் போகலாம். கணவர் ஒருவர்தான் ஓட்டவேண்டும் என்றால் எங்கள் பதில் விமானம்.

கேள்வி: நேரடி விமானத்தைவிட, இடையில் மாறிப் போகும் டிக்கெட் மலிவாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: குளிர்காலத்தில் முடிந்தவரை வேண்டாம். ஒரு விமானத்துக்குப் பதில் இரண்டு, இரண்டு நிலையங்களுக்குப் பதில் மூன்று. எங்கே பனி விழுந்தாலும் உங்களைத்தான் பாதிக்கும். வாங்கியே ஆகவேண்டுமென்றால் இரண்டு கட்டமும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கவேண்டும். அப்போதுதான் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏற்றும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. தனித்தனியாக வாங்கினால் இரண்டாவது டிக்கெட் வீண். மாறும் இடத்தில் குறைந்தது இரண்டரை மணி நேர இடைவெளி வையுங்கள்.

எந்த நேர விமானம் என்பதையும் யோசியுங்கள். ஒரே விமானம் ஒரு நாளில் நான்கைந்து முறை பறக்கும். காலையில் ஏற்பட்ட தாமதம் மாலைக்குள் பெருகிவிடும். அதனால் பனிப்பொழிவுள்ள இடங்களுக்கு நாளின் முதல் விமானம் நல்லது. மூடுபனி உள்ள ஊர்களுக்கு இது பொருந்தாது. தரை இரவில் குளிர்ந்து எழும் மூடுபனி விடியலையொட்டி அடர்ந்து, வெயில் ஏறியதும் கலையும். அங்கே முற்பகல் 11 மணிக்கு மேல் கிளம்பும் விமானமே பத்திரம்.

ஓடுபாதைக்குப் போகுமுன் இறக்கையில் சூடான திரவத்தைப் பீய்ச்சியடிப்பதைப் பார்த்து எரிச்சல் வேண்டாம். மெல்லிய ஐஸ் படிந்தாலே இறக்கையின் தூக்குவிசை குறையும். அந்தத் திரவத்தின் காப்பும் குறிப்பிட்ட நிமிடங்களுக்குத்தான். அதற்குள் புறப்படாவிட்டால் திரும்பவும் அடிக்கவேண்டும். வரிசையில் பத்து விமானம் நின்றால் ஒரு மணி நேரம் போவது இதனால்தான்.

இன்னொன்று: போகும் விமானத்தில் ஏறாமல் காரில் போய்விட்டு, திரும்பும்போது மட்டும் அதே டிக்கெட்டில் வரலாம் என்று நினைக்காதீர்கள். முதல் கட்டத்துக்கு வராதவரின் மீதிப் பயணத்தை நிறுவனங்கள் பொதுவாக ரத்து செய்துவிடும். முன்கூட்டியே பேசி, டிக்கெட்டை மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெப்பமான சமவெளியிலிருந்து பனி விழும் மலைப்பகுதிக்கு டீசல் காரில் போகிறோம். கிளம்புமுன் எதையெல்லாம் பார்க்கவேண்டும்?

பதில்: டீசலிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் சமவெளிக்காரர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். டீசலில் மெழுகு கலந்திருக்கிறது. வெப்பப் பகுதியில் விற்கும் டீசல் கடுங்குளிரில் கலங்கி, மெழுகுத் துகள்கள் பிரிந்து ஃபில்டரை அடைக்கும். மாலையில் ஓடிய வண்டி காலையில் இரண்டு இருமல் இருமி நின்றுவிடும். கிளம்பும் ஊரில் டேங்கை முழுக்க நிரப்பாதீர்கள். கால் டேங்குக்கு வரும்போது குளிர்ப் பகுதியின் பங்க்கில் குளிர்கால டீசலாகக் கேட்டு நிரப்பினால் இரவுக்குள் அது குழாய் முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கும். பெட்ரோல் கலந்தால் உறையாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்றைய டீசல் பம்புகள் டீசலின் வழவழப்பை நம்பி ஓடுபவை, பெட்ரோல் அவற்றைத் தேய்த்துவிடும்.

பேட்டரி அடுத்தது. சாதாரண ஈய-அமில பேட்டரி 0 டிகிரியில் தன் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழக்கும். அதே நேரம் எண்ணெய் கெட்டியாகி எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் சக்தி தேவைப்படும். 4 வருடத்துக்கு மேற்பட்ட பேட்டரி என்றால் கடையில் லோடு டெஸ்ட் செய்துவிடுங்கள். ஊரில் சுலபமாக ஸ்டார்ட் ஆவது எதற்கும் அத்தாட்சி ஆகாது.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் உறைந்து விரிந்து எஞ்சின் பிளாக்கையே பிளக்கும். கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி இருந்தால் சுமார் மைனஸ் 35 டிகிரி வரை தாங்கும். கண்ணாடி கழுவும் நீருக்கும் உறையாத திரவம்தான் ஊற்றவேண்டும்.

டயரில் காற்றழுத்தம் ஒவ்வொரு 5 அல்லது 6 டிகிரி வெப்ப இறக்கத்துக்கும் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். 28 டிகிரியில் அடித்த காற்று 0 டிகிரி ஊரில் 5 பிஎஸ்ஐ குறைவாகக் காட்டும். போன பிறகு, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது சரிசெய்யுங்கள். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும். பனிச்சாலை என்றால் குளிர்கால டயர், அல்லது டயரைச் சுற்றி மாட்டும் பனிச் சங்கிலி. டயரில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டராவது இருக்கட்டும். எஞ்சின் எந்தச் சக்கரத்தை ஓட்டுகிறதோ அதில்தான் சங்கிலி மாட்டவேண்டும். நூறு மீட்டர் ஓட்டி நிறுத்தி மீண்டும் இறுக்குங்கள், 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள். வீட்டு வாசலிலேயே ஒருமுறை மாட்டிப் பழகுங்கள். விரல் விறைத்த இருட்டில் கற்றுக்கொள்ள முடியாது. நான்கு சக்கர இழுவை வண்டி இருந்தால் இதெல்லாம் வேண்டாமே என்பார்கள். அது கிளம்பத்தான் உதவும். நிறுத்துவது டயரும் சாலையும்தான்.

இரவில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீர்கள், ஈரம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள்.

பனியில் மாட்டிக்கொண்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். எஞ்சினைப் போடுமுன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளி அகற்றுங்கள். அது அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். வாசனை இல்லாத வாயு, உறக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். மணிக்கு 10 நிமிடம் மட்டும் ஹீட்டர், காற்று அடிக்காத பக்கத்து ஜன்னல் சற்றே திறந்திருக்கட்டும். இதற்காகவே கம்பளி, குடிநீர், சிறு மண்வெட்டி, டார்ச் ஆகியவற்றை டிக்கியில் போடாமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

கேள்வி: எங்களுடையது மின்சாரக் கார். ஒரு சார்ஜில் 400 கிலோமீட்டர் என்கிறார்கள். 900 கிலோமீட்டர் போக முடியுமா?

பதில்: முடியும், 400 என்ற எண்ணை மறந்துவிட்டால். குளிரில் ஹீட்டரோடு நெடுஞ்சாலையில் 30 சதவீதம் குறையும் என்று வையுங்கள். வழியில் 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் மிக மெதுவாக ஏறும், 10க்குக் கீழே இறக்குவது ஆபத்து. ஆக, கையில் இருப்பது 70 சதவீதம், அதாவது 280 கிலோமீட்டர். குளிர்க் கழிவு போக 200க்குச் சற்றுக் குறைவு. வீட்டில் முழுதாக ஏற்றிக் கிளம்பினால் முதல் கட்டம் சுமார் 250, பிறகு நான்கு நிறுத்தம். ஒவ்வொன்றும் 40 நிமிடம், விடுமுறைக் கூட்டத்தில் வரிசை தனி.

குளிர்ந்த பேட்டரியில் வேகச் சார்ஜ் ஏறாது. சார்ஜ் நிலையத்தைக் காரின் வழிகாட்டியில் சேருமிடமாகப் போட்டால் பல வண்டிகள் போகும்போதே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும். கிளம்புமுன், சார்ஜரில் இருக்கும்போதே உள்ளறையைச் சூடாக்குங்கள். வழியில் இருக்கைச் சூடேற்றியை அதிகம் நம்புங்கள். உள்ளறை ஹீட்டர் கிலோவாட் கணக்கில் இழுக்கும், இருக்கைக்கு நூறு வாட் அளவே போதும்.

கேள்வி: வேலை முடிந்து இரவு 10 மணிக்குக் கிளம்பினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், சாலையும் காலி. சரியா?

பதில்: கூடாது. காலை 6 மணிக்கு எழுந்தவர் இரவு 11 மணிக்கு 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அந்நேரக் கவனக் குறைவு, மது சற்று ஏறியவரின் நிலைக்குச் சமம். 2 மணி முதல் 5 மணி வரை உடல் தானாகத் தூக்கத்துக்கு இழுக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் 4 விநாடி கண் சொக்கினால் வண்டி 111 மீட்டர் ஓடியிருக்கும். சாலையில் ஐஸ் படலம் உறைவதும் அந்நேரத்தில்தான், அதுவும் பாலங்களின் மேல் முதலில். தூங்கிவிட்டு 5 மணிக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: 8 மாதக் குழந்தைக்குச் சளி. விமானமா, காரா?

பதில்: விமான உள்ளறையின் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் இருக்கும். இறங்கும்போது அழுத்தம் கூட, சளி அடைத்த காதில் கடும் வலி வரும். மூக்கு ஒழுகல் மட்டும் என்றால் தரையிறங்குவதற்கு அரை மணி முன்பிலிருந்து பால் கொடுங்கள், விழுங்கும்போது காது திறக்கும். காய்ச்சலோ காதுவலியோ இருந்தால் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே விமானம்.

காரில் போனால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தையைச் சீட்டிலிருந்து எடுங்கள். தடித்த குளிர்ச் சட்டையோடு பெல்ட் மாட்டாதீர்கள். மோதலில் பஞ்சு அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். மெல்லிய உடையில் இறுக்கி மாட்டி, மேலே போர்வை போடுங்கள்.

கேள்வி: பவர் பேங்க் எத்தனை எடுத்துப் போகலாம்?

பதில்: எண்ணிக்கை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அளவு 100 வாட்-மணிக்குள் இருக்கவேண்டும். 20,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-மணி. கைப்பையில் மட்டும், செக்-இன் பெட்டியில் ஒருபோதும் இல்லை.

கேள்வி: முந்தின நாள் மாலை விமானம் பனியால் ரத்து என்று செய்தி வந்தால், உடனே காரை எடுத்துவிடலாமா?

பதில்: விமானத்தை நிறுத்திய புயல் சாலையிலும்தான் இருக்கிறது. முதலில் அடுத்த நேரடி விமானத்தில் இடம் கேளுங்கள், செயலியிலும் தொலைபேசியிலும் ஒரே நேரத்தில். பெட்டியை ஏற்கெனவே ஒப்படைத்திருந்தால், அது கைக்கு வராமல் கிளம்பாதீர்கள். வழிநெடுக உள்ள ஊர்களின் வானிலையையும் மலைச்சாலை திறந்திருக்கிறதா என்பதையும் பார்த்து, மறுநாள் பகலில் 8 மணி நேர ஓட்டத்துக்குள் அடையும் ஊரில் அறை கிடைத்த பிறகே கார்ச் சாவியைத் தொடுங்கள்.