டிரஸ்ட் பணம் தாமதமாகிறதா? பங்கைக் கேட்கும் முன் கணக்கைக் கேளுங்கள்

கேள்வி: அப்பா இருந்தபோதே எங்கள் மூன்று பேருக்காகவும் ஒரு குடும்ப டிரஸ்ட் எழுதிவைத்தார். சித்தப்பாதான் டிரஸ்டி, அதாவது டிரஸ்ட் சொத்தை நிர்வகிப்பவர். தம்பிக்கு 25 வயதானதும் சமமாகப் பிரித்துத் தர வேண்டும் என்று பத்திரத்தில் இருக்கிறது. அவனுக்கு இப்போது 26 முடிந்துவிட்டது. 40 லட்ச ரூபாய் டெபாசிட்டும் மதுரையில் ஒரு வீடும் அப்படியே கிடக்கின்றன. கேட்டால், "வாரிசுச் சான்றிதழ் வரட்டும், பார்க்கலாம்" என்கிறார். என் பங்கை நம்பி ஒரு ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மூன்று மாதத்தில் பாக்கியைக் கட்டுவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சித்தப்பாவின் 'பார்க்கலாம்'-ஐ நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. அட்வான்ஸே போய்விடும்.

அப்புறம் அந்த வாரிசுச் சான்றிதழ். முறைப்படி டிரஸ்டுக்கு மாற்றிய சொத்து, அப்பா இறந்தபோது அவருடையதே அல்ல. அதைப் பிரிக்க டிரஸ்ட் பத்திரம் போதும். ஆனால் வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். டிரஸ்ட் பத்திரம் பதிவாகாமல், வீடு இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால், வீட்டைப் பொறுத்தவரை சித்தப்பா சொல்வதுதான் சரி. அப்போது அம்மா இருந்தால் அவருக்கும் அதில் பங்கு உண்டு. நான் பார்த்த தாமதங்களில் பாதி இப்படிப்பட்ட காகிதச் சிக்கல்தான், மோசடி அல்ல.

பத்திரத்தையும் ஒருமுறை வரிக்கு வரி படியுங்கள். 'டிரஸ்டியின் விருப்பப்படி' என்று எங்காவது இருந்தால் கதையே வேறு, முடிவு சித்தப்பா கையில் போய்விடும். சமபங்கு என்று தெளிவாக இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது.

சரி, எப்படிக் கேட்பது? மூன்று பேரும் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் பங்கைக் கேட்க வேண்டாம், கணக்கைக் கேளுங்கள்: பத்திர நகல், டெபாசிட் ரசீதுகள், வங்கி ஸ்டேட்மெண்ட், வட்டிக்கு டிடிஎஸ் (வங்கியே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) எந்த பான் எண்ணில் பிடித்திருக்கிறார்கள் என்ற விவரம். பயனாளிகள், அதாவது டிரஸ்ட் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள், பத்திரத்தையும் கணக்கையும் பார்த்து நகலெடுக்கலாம் என்று 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 57-வது பிரிவு சொல்கிறது. டெபாசிட் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வகையா என்பதும் ரசீதில் தெரிந்துவிடும். அப்படியிருந்தால், அடுத்த முதிர்வுத் தேதிக்கு முன்பே புதுப்பிக்க வேண்டாம் என்று சித்தப்பா வங்கிக்கு எழுதித் தர வேண்டும்.

காரணமில்லாமல் இழுத்தடிக்கும் டிரஸ்டி, தன் சொந்தக் கையிலிருந்து வட்டி கட்ட நேரிடும் என்கிறது 23-வது பிரிவு. முதல் கடிதத்தில் அதை எழுதாதீர்கள். 30 நாள் பதில் இல்லையென்றால், வக்கீல் நோட்டீஸில் எழுதிக்கொள்ளலாம். முதல் கடிதத்தைத் தம்பியே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வரட்டும்.